விசரன் வீடு

கொழும்பிலே கப்பலேறிச் சீமைக்குப் படிக்கச் சென்ற அக்காலத்து மாணவர் பலருக்கு, ஐரோப்பாவிலே முதன்முதல் கால் பதித்த நகரம் மார்செயில்ஸ். சுயெஸ் கால்வாயைக் கடந்து, மத்தியதரைக் கடலிலே சில நாள் மிதந்த பின், குன்றின் உச்சியில் நிற்கும் மாதா கோயிலைக் கண்டு கரை வந்துவிட்டதென்று அவர்கள் மகிழ்ந்திருப்பர். அங்கே இறங்கிப் புகைவண்டி பிடித்துப் பாரிஸ் வழியாக இலண்டன் செல்வது வழக்கம்.

நானோ அந்நகரை எதிர்த்திசையிலிருந்து அடைந்தேன். சென்ற ஆண்டு ஆகஸ்டு விடுமுறையிலே, பாரிசிலிருந்து தெற்கே ஓடும் விரைவு வண்டியில், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். உடன் வந்தவர் என் தங்கையும், அவள் கணவரும், பதினொரு வயதான அவர்கள் மகனும். துறைமுகத்தைப் பார்க்க நாங்கள் போகவில்லை. கடலிலே குளிக்கவும் போகவில்லை. ஒரு குடும்பச் சச்சரவைத் தீர்க்கவே போனோம் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதுவே உண்மை.

சச்சரவு

தங்கையின் குடும்பம் பாரிசுக்கு வடக்கேயுள்ள புறநகர் ஒன்றில், பழைய மாடிக் கட்டடமொன்றின் உச்சியிலுள்ள இரண்டு தட்டுகளிலே வாழ்கிறது. கீழ்த்தட்டிலே கூடமும் குசினியும் ஒரு சிறு கழிவறையும். மேல்தட்டிலே சரிந்த கூரையின்கீழ் இரண்டு அறைகளும் குளியலறையும். இரண்டையும் இணைப்பது ஒடுங்கிய மரப்படி. சொந்த வீடுதான், ஆனால் கடன் கட்டி முடிய இன்னும் பல ஆண்டுகள் செல்லும்.

அந்த வீட்டினுள் நுழைந்தவுடன் கண்ணிலே படுவது பொருள்களே. குளிர்காலத்து மேலங்கிகள் கதவின் பின்னே மலைபோலத் தொங்கின. பயணப் பெட்டிகள் அலுமாரியின் தலையிலே அடுக்கப்பட்டிருந்தன. மா அரைக்கும் இயந்திரமும், இடியப்ப உரலும், புட்டுப் பானையும் படியின் கீழே ஒன்றன்மேலொன்றாகக் கிடந்தன. சாமிப் படங்களுக்கு இடம் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்திலே.

இவற்றின் நடுவிலே எழுபத்தாறு வயதான எங்கள் அம்மா. முழங்கால் நோவினால் அவர் மேல்தட்டுக்கு ஏற முடியாது. இரவிலே கூடத்துச் சாய்வு இருக்கையை விரித்துப் படுப்பார். காலையிலே அதை மடித்து, பாயையும் போர்வையையும் ஒரு பயணப் பையினுள் வைத்து மூடுவார். நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"தம்பி, நாலு வருசமாய் இந்தப் பையைத் திறக்கிறதும் மூடுறதுமாய் இருக்கிறன். ஒரு ஆணி அடிக்க எனக்கெண்டு ஒரு சுவர் இல்லை. நீ போகேக்கை நானும் வாறன்."

1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே யாழ்ப்பாணத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டை விட்டு அம்மா கொண்டு வெளியேறியதும் ஒரு பைதான். அப்போது எனக்குப் பதினாறு வயது. திரும்பிப் போனபோது கூரைமரங்களும் கதவுகளும் சுவரலுமாரிப் பலகைகளும் இல்லை. சுவரிலே விளக்கு மாடம் மட்டும் இருந்தது. அன்று முதல் எத்தனையோ வீடுகளிலே தங்கியும், அம்மாவின் பை முழுதாகப் பிரிக்கப்படவில்லை என்பதை அவர் பேச்சிலே அன்று உணர்ந்தேன்.

மகளையும் மருமகனையும் குறை கூற இடமில்லை. வீட்டைத் திருத்தத்தான் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே. எப்படி என்பதிலேதான் பிணக்கு. மைத்துனர், கூடத்துக்கும் குசினிக்கும் இடையிலுள்ள சுவரை உடைத்துவிட்டுக் கடையிலே ஆயத்தமாக விற்கும் பெரிய அலுமாரிகளை வாங்கிப் பூட்ட விரும்பினார். தங்கையோ, ஓடாவி ஒருவரைக் கொண்டு வீட்டின் மூலைமுடுக்குகளுக்கு ஏற்ப மரவேலை செய்விக்க வேண்டும் என்றாள். "காசு மரத்திலையே காய்க்குது?" என்று அவர் கேட்பார். "சுவர் உடைச்சால் இடம் முளைக்குமோ?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

எனக்கு மார்செயில்ஸ் நகரத்துக் கட்டடமொன்று நினைவுக்கு வந்தது. கண்டியிலே பிறந்த கட்டடக் கலைஞர் மின்னெற் டி சில்வாவைப் பற்றி (1918–1998) மாணவர்க்காக ஒரு குறிப்பு எழுதியபோது, அவருடைய நண்பராகிய லு கோர்பூசியே என்பாரைப் பற்றியும் படித்திருந்தேன். இரண்டு தட்டு வீடுகளை நூற்றுக்கணக்கிலே அடுக்கி, ஒவ்வொன்றினுள்ளும் மரத்தாலே அலுமாரியும் படியும் குசினியும் இணைத்துக் கட்டியவர் அவர். "போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோமே" என்றேன். அம்மாவை உறவினர் ஒருவர் வீட்டிலே விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

கொங்கிறீற்றுக் கப்பல்

மிசெலே பெருந்தெருவிலே பேருந்தை விட்டு இறங்கியதும், மரங்களுக்கு மேலாக அந்தக் கட்டடம் எழுந்து நின்றது. நீளம் 137 மீற்றர், அகலம் 24, உயரம் 56. பதினெட்டுத் தளங்கள். தடித்த தூண்களின்மேல் நிற்பதால் அதன் கீழாக மனிதர் நடந்து செல்லலாம். பூசப்படாத கொங்கிறீற்று, அச்சுப்பலகைகளின் வரிகளும் அதிலே பதிந்துள்ளன. முகப்பிலுள்ள உள்விறாந்தைகளின் பக்கச் சுவர்களுக்கு மாத்திரம் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பச்சையும் தீட்டியிருக்கிறார்கள்.

"மாமா, இது வீடோ, கப்பலோ?" என்றான் மருமகன். அவன் கேள்வி தவறன்று. பெருங்கப்பல்களின் மீது லு கோர்பூசியே கொண்ட காதல் உலகறிந்தது. சிறிய அறைகளிலே பலரை வசதியாக வாழச் செய்து, கடை முதல் விளையாட்டிடம் வரை யாவற்றையும் ஒரே உடலினுள் அடக்கும் வித்தையை அவர் கப்பலிடமிருந்தே கற்றார்.

இக்கட்டடத்தின் பிறப்பை அறிந்தால் நம்மவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. இரண்டாம் உலகப் போரிலே மார்செயில்ஸ் பட்ட பாடு பெரிது. 1943ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பழைய துறைமுகத்தை அடுத்திருந்த குடியிருப்பிலிருந்து ஏறக்குறைய 20,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. போர் முடிந்த பின், பிரான்சிலே புனரமைப்பு அமைச்சராக இருந்த ராவுல் டோட்றி, வீடற்றோருக்கு ஒரு பெருங்குடியிருப்பை ஆக்கித் தரும்படி 1945இல் லு கோர்பூசியேயிடம் கேட்டார். 1947 அக்டோபர் 14ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1952இல் அதே திகதியிலே திறப்பு விழா. மொத்தம் 337 வீடுகள், 23 வகைகள். ஏறக்குறைய 1,600 பேர் வாழ்வதற்கான திட்டம்.

கட்டி முடியுமுன்னரே ஊரார் அதற்கு ஒரு பெயர் சூட்டிவிட்டனர். அவர்கள் வழக்கிலே புத்தி பேதலித்தவனை 'ஃபடா' என்பர். ஆகவே அது 'ஃபடாவின் வீடு'. நம் யாழ்ப்பாணத்து வழக்கிலே சொன்னால் விசரன் வீடு! இன்று அவ்வூரவர் அப்பெயரைச் செல்லமாகவே சொல்கின்றனர். 2016இலே சண்டிகார் நகரின் அரசமன்றத் தொகுதி முதலிய லு கோர்பூசியேயின் மற்றப் படைப்புகளோடு, விசரன் வீடும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

வீட்டினுள்ளே

நகரத்துச் சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டியோடு ஒரு குழுவாக உள்ளே சென்றோம். மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால், நீண்டு மங்கலான ஓர் உட்தெரு. மூன்று தளங்களுக்கு ஒருமுறைதான் இத்தகைய தெரு. அதன் இரு மருங்கிலும் கதவுகள். ஒரு பக்கத்துக் கதவைத் திறந்தால் வீடு மேல்நோக்கி ஏறும்; எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்தால் கீழ்நோக்கி இறங்கும். இரு கைவிரல்களையும் கோத்ததுபோல இரண்டு வீடுகளும் தெருவைச் சுற்றி ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இதனாலே ஒவ்வொரு வீடும் கட்டடத்தின் கிழக்கு முகத்திலிருந்து மேற்கு முகம் வரை செல்கிறது. காலை வெயில் ஒருபுறம், மாலை வெயில் மறுபுறம். அயலவரின் ஓசை கேளாதபடி ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் ஈயத் திண்டுகளின்மேல் வைத்திருக்கிறார்களாம்.

பழைய மரவேலை அழியாத ஏறுவகை வீடொன்றிலே எங்களை நிறுத்தினார்கள். அகலம் 3 மீற்றர் 66 சென்ரிமீற்றர் மாத்திரமே! கூரையின் உயரம் 2 மீற்றர் 26. நம் ஊரிலே இத்தகைய அளவிலே மாட்டுக்கொட்டில் போட்டாலும் அயலவர் சிரிப்பர். ஆனால் உள்ளே சென்றால் மூச்சு முட்டவில்லை. கூடத்தின் முன்பகுதி இரண்டு தட்டு உயரத்துக்கு ஓங்கி நிற்க, அதன் நிறைகண்ணாடி வழியாக வானம் உள்ளே வருகிறது. ஒடுக்கமும் விசாலமும் அடுத்தடுத்து இருப்பதால், ஒடுக்கம் தெரிவதில்லை.

குசினியின் முன்னே தங்கை நகர மறுத்துவிட்டாள். அதை ஆக்கியதிலே பெரும்பங்கு சார்லொட் பெரியான் என்ற பெண்மணிக்குரியது. 1903இல் பிறந்து 1999இல் மறைந்த இவர், 1927இலே லு கோர்பூசியேயின் பணிமனையிற் சேர்ந்தவர். 1940இல் சப்பான் சென்று அந்நாட்டு மரவேலையையும் வீட்டு ஒழுங்கையும் நேரிலே கற்றவர். சமைப்பவர் நின்ற இடத்தில் நின்றே அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் பாத்திரத்தையும் எட்டலாம். அலுமாரிகளின் கதவுகள் வெளியே திறவாமல் பக்கமாகத் தள்ளுபவை. கைப்பிடி, விரல் பொருந்தும்படி குடைந்த மரத்துண்டு. குசினிக்கும் உணவு மேசைக்கும் நடுவிலே சுவர் இல்லை. இருபுறமும் திறக்கும் தாழ்ந்த அலுமாரியே தடுப்பு. சமைப்பவள் குடும்பத்தின் பேச்சிலிருந்து விலக்கப்படலாகாது என்பது பெரியானின் எண்ணம். வாசலருகே ஒரு சிறு பெட்டி. கடைக்காரர் உட்தெருவிலிருந்தே பொருளை அதனுள் வைத்துவிடலாம்.

படியைச் செய்தவர் ழான் புரூவே: மடித்த உருக்குத் தகட்டின்மேல் கருவாலி மரப் பலகைகள். மேலே பெற்றோரின் அறை கூடத்தை நோக்கித் திறந்திருக்கிறது. மறுமுனையிலே பிள்ளைகளுக்கென இரண்டு நீண்ட அறைகள். ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ ஓர் ஆள் உயரமே. ஆனால் நடுவிலுள்ள தடுப்புப் பலகையைத் தள்ளினால் இரண்டும் ஒன்றாகும். அந்தப் பலகை கரும்பலகையும் ஆகும்! அதிலே சுண்ணக்கட்டியால் எழுதலாம். ஆசிரியனாகிய எனக்கு அவ்விடத்திலே உள்ளம் குளிர்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ?

எல்லாம் நிறைவென்று கூறமாட்டேன். பெற்றோரின் அறைக்குச் சுவரில்லாமையால் கூடத்துப் பேச்செல்லாம் மேலே கேட்கும். உட்தெருவிலே பகலிலும் விளக்கு வேண்டும். இந்த வீடுகளின் அளவெல்லாம் 'மொடுலோர்' என்னும் அளவுகோலாலே பிறந்தவை. 1 மீற்றர் 83 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு மனிதன் கையைத் தூக்கி நின்றால் விரல் நுனி எட்டும் உயரம் 2 மீற்றர் 26. அதுவே கூரையின் உயரம். ஐந்தடி உயரமுள்ள என் தங்கை மேல் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஆறடி ஆம்பிளை எங்கட வீட்டிலை இல்லையே, அண்ணா" என்றாள்.

விளையாட்டாகச் சொன்ன அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

உடைத்தவரும் தேடியவரும்

வீடுகளைக் கட்டிய அரசு பின்னர் அவற்றைக் குடியிருப்போருக்கு விற்றது. வாங்கியவர் பலர் காலப்போக்கிலே பழைய மரவேலையைப் பெயர்த்தெடுத்தனர். குளிர்பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் இடமில்லையென்று குசினியை உடைத்தவர் உண்டு. தடுப்புப் பலகையை நீக்கிச் சுவர் எழுப்பியவரும் உண்டு. வெளியே எறியப்பட்ட அதே பலகைகள் இன்று அரும்பொருளாக விலைபோகின்றன. ஒரு குசினி கடல் கடந்து நியூயோர்க்கின் நவீன கலைக் கூடத்தையே அடைந்துவிட்டது. 2012 பெப்ரவரியிலே மூண்ட தீயில் பல வீடுகள் சேதமுற்றபோது, அவற்றை மீட்டெடுக்க நெடுங்காலம் உழைக்க நேர்ந்தது.

இங்கே நியாயம் எவர் பக்கம்? நினைவுச்சின்னமென்று சொல்லி, சலவை இயந்திரம் வைக்க இடமில்லாமல் ஒரு தாய் வாடலாமா? அவள் வசதிக்கென்று அரிய மரவேலையைக் குப்பையிலே வீசலாமா? பெரியானின் முறையிலே விடை இருப்பதாக எனக்குப்பட்டது. அவர் அலுமாரியின் வெளியழகை முதலில் வரைந்தவரல்லர். ஒரு குடும்பத்திடம் எத்தனை கோப்பை, எத்தனை சட்டை, எத்தனை புத்தகம் என்று எண்ணி, அவை ஒவ்வொன்றின் அளவையும் எடுத்து, உள்ளிருந்து வெளியாக அலுமாரியை அமைத்தவர். ஆகவே அவர் விட்டுச் சென்றது பலகை மட்டுமன்று, ஒரு கேள்வியுமாகும். 'இந்த வீட்டிலே யார் வாழ்கிறார்? அவரிடம் என்ன இருக்கிறது?' என்பதே அக்கேள்வி. பலகையைக் காப்பவர் காக்கட்டும். கேள்வியை நாம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

கட்டடத்தின் உச்சியிலே பாலர் பள்ளியும், குழந்தைகள் நீராடும் தொட்டியும், ஓடுபாதையும் உள்ளன. மருமகன் ஓடிக் களைக்கும் வரை, மைத்துனர் கடலைப் பார்த்தபடி நின்றார். பின்பு மெல்லச் சொன்னார்: "மச்சான், நாங்கள் ஒருநாளும் சாமானை எண்ணிப் பார்க்கேல்லை."

அளவெடுத்தல்

பாரிசுக்குத் திரும்பியபின், ஐபெல் கோபுரத்துக்கு எதிரேயுள்ள சாயோ மாளிகையின் கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்கும் போனோம். மார்செயில்ஸ் வீடொன்றை அங்கே முழு அளவிலே மீண்டும் ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வேலையிலே பங்குகொண்டவர்கள் தொழிற் பாடசாலை மாணவர்கள் என்று அறிந்தபோது நான் பெருமூச்சு விட்டேன். உளி பிடிக்கும் கல்வியை இரண்டாந்தரமென எண்ணும் நம் பெற்றோருக்கு அப்படியைத் தொட்டுக்காட்ட வேண்டும்போல் இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் வேலை எண்ணுவதே. மேலங்கி பதினொன்று, பயணப் பெட்டி ஏழு, அவற்றிலே இரண்டுக்குப் பூட்டே இல்லை. பாதிப் பொருள் எவருக்கும் தேவையற்றது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. சுவர் உடைக்கும் எண்ணமும் போயிற்று. பிரெஞ்சு நாட்டிலே, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாடிக் கட்டடத்தின் பொதுப் பகுதிகளை மற்ற உரிமையாளரின் அனுமதியின்றித் தொடலாகாது. தாங்கு சுவர் வீட்டினுள்ளே இருந்தாலும் பொதுவாக அந்த வகையிலேயே சேரும். மரத்தாலே செய்து சுவரோடு பொருத்தும் அலுமாரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஓடாவியாக வந்தவர் ஒரு போர்த்துக்கேயர். அவர் தம் மொழியிலே தமக்குள் பேசியபடி அளவெடுத்தார். "அர்மாரியு... ஜனெலா... மெசா..." சமையலிலிருந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்: "தம்பி, இவர் தமிழ் கதைக்கிறாரே!" அலுமாரியும் யன்னலும் மேசையும் கதிரையும் சாவியும் குசினியும் நானூறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய நாட்டவர் நம்மிடம் விட்டுச் சென்ற சொற்களல்லவா! அன்று முதல் அம்மாவுக்கும் ஓடாவிக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

அவர் நல்ல தொழிலாளி. பழைய வீட்டுச் சுவர் எதுவும் நேராக இராது என்று கூறி, பலகையின் ஓரத்தைச் சுவரின் வளைவுக்கேற்பச் சீவினார். வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டவிடாமல் காற்றோட இடைவெளி விட்டார். இல்லாவிடிற் குளிர்காலத்திலே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்குமாம். வீட்டைச் சூடாக்கும் காலத்திலே மரம் சுருங்கும், மழைக்காலத்திலே விரியும். ஆகவே கதவுகளுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். குடும்பத்துக்கும் இது பொருந்தும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திட்டம் இதுதான்: படியின் ஒவ்வொரு காலடியும் ஒரு லாச்சி. படியின்கீழ்ப் பள்ளத்திலே அம்மாவுக்கு மரப்பெட்டிக் கட்டில். அதன் அடியிலே உடுப்பு வைக்கும் அறைகள். தலைமாட்டிலே சாமிப் படங்களுக்கு நம்மூர் விளக்கு மாடத்தைப் போன்ற ஒரு மாடம். முன்னே மறைத்துக்கொள்ளத் தள்ளுகதவு. உயர்ந்த தட்டு எவ்வளவு உயரம் என்று ஓடாவி கேட்டார். தங்கை அம்மாவைச் சுவரோரம் நிறுத்தினாள். "அம்மா, கையைத் தூக்குங்கோ." விரல் நுனியிலே பென்சிலால் ஒரு கோடு: 1 மீற்றர் 80 சென்ரிமீற்றர். லு கோர்பூசியேயின் மனிதனுக்கு அது தலையளவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அதுவே அளவுகோல் ஆயிற்று.

நான் புறப்படும்போது வேலை தொடங்கவில்லை. ஓடாவிக்கு வேறு வேலைகள் இருந்தன. "தைப்பொங்கலுக்கிடையிலை முடியாட்டி நான் வந்திடுவன்" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். என் பையிலே அவருடைய பயணச்சீட்டுக்கான பணமும் இருந்தது.

பொங்கலன்று தொலைபேசியிலே தங்கை படம் அனுப்பினாள். கருவாலிப் பலகையிலே மாடம், மாடத்திலே விளக்கு, பக்கத்திலே அம்மா. கட்டிலின் கீழே எல்லா அறைகளும் மூடியிருந்தன. அந்தப் பயணப் பை எங்கும் தென்படவில்லை.

சிறிது நேரத்தில் அம்மாவே பேசினார். வரும் எண்ணத்தைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கல் எப்படி, பள்ளிக்கூடம் எப்போது தொடங்கும் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, வைக்குமுன் சொன்னார்:

"தம்பி, ஆவணி விடுமுறைக்கு இஞ்சை வா. கீழ்ப்படி லாச்சி ஒண்டை உனக்கெண்டு வெறுமையாய் வைச்சிருக்கிறன்."